பத்துக்குப் பத்து அறைக்கு எந்த அமிலம்?

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியறையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். பத்தடிக்குப் பத்தடி அறை. ஒரே ஒரு சன்னல், அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. ஓரமாக அம்மாவின் தையல் மெஷின். பன்னிரண்டு பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டால் எனக்கு நிற்க இடம் கதவோரம்தான். இந்த அறையில் உலோகத்தையும் அமிலத்தையும் வைத்து ஒரு சோதனை செய்து காட்ட ஆசைப்பட்டேன். எந்த அமிலம், எங்கே வாங்குவது என்ற கேள்வி என்னை மூன்று மாதம் அலைய வைத்தது.

சோதனை ஒன்றும் புதிதில்லை. என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் மூன்றாம் பாடத்தில் வருவதுதான். மக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு, தாமிரம் ஆகியவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தனித்தனியே போட்டு, எதில் குமிழி வேகமாக வருகிறது, எது அதிகம் சூடாகிறது என்று பார்க்க வேண்டும். மக்னீசியம் முதலிடம், அடுத்து அலுமினியம், துத்தநாகம், இரும்பு. தாமிரத்தில் ஒன்றும் நடக்காது. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் பிள்ளைகள் சொல்வார்கள். கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

அமிலத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு கேள்விகள் இருந்தன. சன்னல் திறந்தாலும் காற்று வராத அறையில் அது புகையுமா? கண்ணில் தெறித்தால் கழுவத் தண்ணீர் இருக்குமா? எங்கள் குழாயில் தண்ணீர் வருவது நாளில் சில மணி நேரம்தான். வாங்கப் போகிறவர் யார்? கடைசியாக, நான்கு வரிசை பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியுமா? வீரியம் எவ்வளவு என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதல் தவறு என்னுடையது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் ‘ஆசிட்’ என்று கேட்டேன். சீட்டு எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து நீட்டினார்கள். கழிப்பறையும் டைல்ஸும் கழுவ விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அது. இந்த வகைச் சரக்கு ஏறக்குறைய முப்பது சதவீதம் வரை இருக்கும்; பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் நீர்த்த அமிலத்தைவிட ஐந்து முதல் பத்து மடங்கு செறிவு. மூடியைத் திறந்ததுமே வெள்ளைப் புகை எழுந்தது. ஒரு பையன் இருமினான், அவனைப் பார்த்து இன்னொருத்தி. மக்னீசியத் துண்டு ‘பாருங்கள்’ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் காணாமல் போயிற்று. இரும்பும் பொங்கியது, துத்தநாகமும் பொங்கியது. எது வேகம் என்று கேட்டால் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லோரையும் படியில் இறக்கி நிறுத்திவிட்டுச் சோதனையை அத்துடன் முடித்தேன்.

மிச்சப் பாட்டிலை மெஷினுக்குக் கீழே வைத்தது இரண்டாவது தவறு. பத்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டார்கள். கத்தரிக்கோலின் இரு இலைகளிலும் காவி நிறத்தில் துரு. மெஷினின் ஊசிக்கம்பியைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டியது. மூடிய பாட்டிலிலிருந்தும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. மும்பையின் ஈரக் காற்றில் அது கரைந்து, கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளியாகிப் பக்கத்திலிருந்த இரும்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. கத்தரிக்கோலுக்கு இப்படியென்றால் பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்கு என்ன என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இரண்டு நாள் அம்மா என்னுடன் பேசவில்லை.

சட்டமும் இங்கே நம்மோடு பேச வேண்டியிருக்கிறது. அமில வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டபடி, அமிலத்தைச் சில்லறையாக விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, எவ்வளவு வாங்கினார் என்பதையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். எதற்காக என்று கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவே கூடாது. மீறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். என்னிடம் அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கடையில் வாங்கியது என் வசதிக்காக நடந்த தவறு என்றுதான் இப்போது நினைக்கிறேன். ‘போய் ஓர் ஆசிட் பாட்டில் வாங்கி வா’ என்று பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிற பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீல நிறத்தில் கொழகொழவென்று வரும் கழிப்பறைத் திரவம் இதற்கு மாற்றாகுமா என்று கேட்டார்கள். அவற்றில் பல வகைகளில் பத்து சதவீதம் அளவுக்கு இதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் இருக்கிறது. சோப்பு போன்ற நுரைப்பொருளும், சுவரில் ஒட்டி நிற்பதற்கான கெட்டிப்பொருளும், சாயமும் சேர்ந்திருக்கின்றன. எண்ண வேண்டிய குமிழியை நுரை மூடிவிடும். சோதனைக்கு உதவாது. மழைக்காலத்தில் எங்கள் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவுவார்கள். எந்த அமிலத்தையும் அதன் மேல் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே வாங்குவதைப் போலவே, மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்பதும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

என்னிடம் படிக்கும் ஒருத்தியின் தாத்தா பழைய தோல் பட்டறைத் தொழிலாளி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டே காலம் தள்ளியவர். அவர் இன்னமும் ‘திராவகம்’ என்றுதான் சொல்வார். “கந்தகத் திராவகம் இருக்கிறதே டீச்சர், இன்வர்ட்டர் கடையில் கேட்டால் கொடுப்பான். புகையவே புகையாது” என்றார். அவர் சொன்னது பாதி சரி. பேட்டரியில் ஊற்றும் அமிலம் நீர்த்த சல்ஃபூரிக் அமிலம், எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. அது புகையாது என்பது உண்மை. ஆனால் புகையாததுதான் அதன் தொல்லையும். அது ஆவியாகிப் போகாது. பாவாடையில் ஒரு துளி பட்டால் தண்ணீர் மட்டும் உலர்ந்துபோகும். அமிலம் துணியிலேயே தங்கிச் செறிவாகிக்கொண்டு போகும். இரண்டு நாள் கழித்துத் துவைக்கும்போது அந்த இடத்தில் ஓட்டை. தாத்தாவின் முன்கையில் அப்படிப்பட்ட தழும்புகள் மூன்று இருக்கின்றன. அவரே எடுத்துக் காட்டினார், சிரித்துக்கொண்டே. இன்னொரு குழப்பமும் உண்டு. பேட்டரித் தண்ணீர் என்று விற்பது வெறும் வாலை வடிநீர். பேட்டரி ஆசிட் வேறு. இரண்டும் ஒரே மாதிரி கேனில், ஒரே நிறத்தில் வரும். பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் அறையில் அந்த இரண்டு கேன்களும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பழைய பேட்டரியைக் கவிழ்த்து அமிலம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் ஈயமும் கலந்திருக்கும்.

முறையான வழி ஒன்று உண்டு. மாஹிமில் ரயில் ஏறி மரின் லைன்ஸில் இறங்கினால் பிரின்சஸ் தெரு. மருந்து மொத்த வியாபாரமும் ஆய்வகச் சாமானும் அடுத்தடுத்து விற்கும் தெரு அது. ஆய்வகத் தரத்தில், சீட்டு ஒட்டிய, செறிவு அச்சிட்ட அமிலம் அங்கே கிடைக்கும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடர்ந்த நிலையில், முப்பத்தைந்து சதவீதத்துக்கும் மேலேதான் பாட்டிலில் வரும். அதை நீர்த்துக்கொள்வது நம் பொறுப்பு. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதைச் செய்யப் புகைபோக்கிப் பெட்டி வேண்டும் என்பதைப் பாட்டு போல ஒப்பிப்பவர்கள் சொல்வதில்லை. எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாட்டுங்காவில் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே அந்தப் பெட்டிகள் இருக்கும். என்னிடம் இருப்பது மேசை விசிறி. நான் அந்தத் தெருவுக்குப் போனேன்தான். அமிலம் வாங்காமல் மக்னீசியம் ரிப்பன் இருபத்தைந்து கிராம் சுருள் ஒன்றும், துத்தநாகக் குருணை கொஞ்சமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். உலோகத்துக்கு அந்தப் பயணம் அவசியம். மக்னீசியம் மளிகைக் கடையில் கிடைக்காது.

அதன் பிறகுதான் சமையலறையின் பக்கம் திரும்பினேன். முதலிலேயே திரும்பியிருக்கலாம்.

எலுமிச்சம்பழத்தில் ஐந்து, ஆறு சதவீதம் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. மக்னீசியத்துக்கு அதுவே போதும். ஆனால் சக்கை மிதக்கும், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், கோடையில் விலை ஏறும். புளிக்கரைசலைப் பற்றி எனக்குத் தனி மரியாதை உண்டு. டார்டாரிக் அமிலம் நிறைந்தது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காத தமிழ் வீடு ஏது? அங்கே புளி செய்வது விளக்கின் மேல் படிந்த செம்பு ஆக்சைடைக் கரைப்பது. உலோகத்தை அது தொடுவதில்லை. அதனால்தான் தாத்தா காலத்து விளக்கு இன்னும் தேயாமல் நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லப் புளி அருமையான பொருள். குமிழி பார்ப்பதற்கு அதன் பழுப்பு நிறம் ஆகாது.

ஆகப் போட்டி வினிகருக்கும் சிட்ரிக் அமிலப் பொடிக்கும்தான்.

வினிகரைப் பழைய தமிழில் காடி என்பார்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்த செயற்கைச் சரக்கு; அப்படிச் சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும் என்பதும் விதி. நான்கு சதவீதம் என்றே வைத்துக்கொள்ளலாம். வாங்கிய பாட்டிலை அப்படியே ஊற்றலாம். எடை போட வேண்டாம், கரைக்க வேண்டாம். நிறமில்லை. மாதக் கணக்கில் கெடாது. ஒரே குறை வாசம். பன்னிரண்டு தம்ளரில் வினிகரை ஊற்றி வைத்தால் எங்கள் அறை சீனச் சமையல் வண்டி போல ஆகிவிடுகிறது. சில பிள்ளைகளுக்குத் தலைவலி வருகிறது.

சிட்ரிக் அமிலத்தை எங்கள் தெருவில் இரண்டு பேரில் கேட்கலாம். அண்ணாச்சி கடையில் எலுமிச்சை உப்பு. குஜராத்திக்காரர் கடையில் லிம்பு நா ஃபூல், அதாவது எலுமிச்சைப் பூ. டோக்ளா செய்ய வாங்குவார்கள். நான் கால் கிலோ கேட்டதும் அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். “என்ன டீச்சர், தெருவுக்கே சர்பத்தா?” அடையாள அட்டை வேண்டாம், பதிவேடு வேண்டாம், பத்தாம் வகுப்புப் பிள்ளையையே அனுப்பி வாங்கலாம்.

நூறு மில்லி தண்ணீரில் பத்து கிராம் பொடி. அதாவது இரண்டு தேக்கரண்டியும் இன்னும் கொஞ்சமும். அமிலத்தன்மையை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். இந்தக் கரைசலின் பி.எச். 1.7 அளவில் நிற்கும்; வினிகர் 2.4, 2.5. எண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது. பி.எச். மடக்கை அளவு, அதாவது ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு கூடும் என்பதால், அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளின் எண்ணிக்கையில் சிட்ரிக் கரைசல் ஐந்து மடங்குக்கு மேல் முன்னால் இருக்கிறது. வாசமே இல்லை. கரைசலின் செறிவை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்பது வினிகரில் கிடைக்காத சுதந்திரம். ஐந்து கிராம், பத்து கிராம், இருபது கிராம் என்று மூன்று தம்ளர் வைத்தால் செறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு இன்னொரு பாடமாகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. ஜூலை மாத ஈரத்தில் பொட்டலம் கல்லாகிவிடும். உடைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் எடைக்கணக்கு கொஞ்சம் பிசகும். கரைசலைச் சில வாரம் விட்டுவைத்தால் பூஞ்சை மிதக்கும். அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது. சமையலறையில் இதே மாதிரி வெள்ளைப் பொடி நாலைந்து இருக்கின்றன. ஒருமுறை அஜினமோட்டோவைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் மக்னீசியத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். சோதனை நடக்கும் இடத்தில் அந்தப் பழக்கமே கூடாது. ஒரு சிட்டிகைப் பொடியைச் சோடா உப்போடு சேர்த்துத் தண்ணீர் விட்டால் பொங்க வேண்டும். பொங்கினால் நம் ஆள்தான்.

உணவுப் பொருள்தானே என்று கண்ணை மறந்துவிடக் கூடாது. பத்து சதவீதச் சிட்ரிக் கரைசல் கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். பிளாஸ்டிக் கண்ணாடி பிரின்சஸ் தெருவில் மலிவாகவே கிடைத்தது. ஒரு வாளி சுத்தத் தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்கிறேன். இரவுத் தண்ணீர் வராத நாளில் சோதனை கிடையாது.

இப்போது வேகத்தின் கதை. சிட்ரிக் கரைசலில் ஒரு சென்டிமீட்டர் மக்னீசியத்தைப் போட்டால் அது சீறிக்கொண்டு மேலே வந்து, குமிழிகளைத் தூக்கிக்கொண்டு தம்ளரைச் சுற்றும். பின்வரிசைப் பிள்ளைக்கும் சத்தம் கேட்கும். பக்கத்துத் தம்ளரில் துத்தநாகக் குருணை: சிறு சிறு முத்துகள் மேலே ஒட்டிக்கொண்டு, பெருத்து, ஒன்றொன்றாக விடுபடும். அதை எண்ண முடிகிறது. இரும்புக்கு ஆணியைவிட பெயின்ட் கடையில் கிடைக்கும் இரும்புக் கம்பளி நல்லது. எண்ணெய்ப் பூச்சு போகச் சோப்பு போட்டு அலச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் துருப்பிடிக்காத எஃகு, அது அசையாது. இரும்பில் குமிழி சோம்பலாக வரும், மெல்லிய வாடையோடு. குமிழியாக வரும் ஹைட்ரஜனுக்கு வாடை கிடையாது. அது இரும்பிலுள்ள கார்பன், பாஸ்பரஸ் போன்ற கலப்புகளின் வேலை. தாமிரக் கம்பி பேசாமல் கிடக்கும். மோட்டார் சுற்றும் கம்பியாக இருந்தால் மேலே வார்னிஷ் இருக்கும். அதனால் பேசாமல் கிடப்பதை அமிலத்தோடு சம்பந்தப்படுத்த முடியாது. சாதாரண ஒயரை உரித்து எடுங்கள்.

அடர்ந்த ஆசிட்டில் எல்லாம் ஒன்றாகப் பொங்கிய அதே உலோகங்கள் இங்கே தனித்தனி ஆளாக நின்றன. வீரியம் குறைந்த அமிலம் எனக்குத் தந்தது இந்த இடைவெளியைத்தான். வேகத்தை ஒப்பிட வேண்டும் என்றால் ஓட்டம் கண்ணுக்குச் சிக்குகிற வேகத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு பெண் துத்தநாகத்தையும் தாமிரக் கம்பியையும் ஒரே தம்ளரில் போட்டுவிட்டாள். “டீச்சர், செம்பிலும் குமிழி வருகிறது!” எட்டிப் பார்த்தேன். வரத்தான் செய்தது. இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களைத் தாமிரத்தின் வழியே அனுப்பும். ஹைட்ரஜன் தாமிரத்தின் மேல் பிறக்கும். கரைவது ஒருவர், குமிழி விடுவது இன்னொருவர். மின்கலத்தின் பாடத்தை அன்றைக்கே கொஞ்சம் சொல்லிவிட்டு, தம்ளருக்கு ஓர் உலோகம் என்று சட்டம் போட்டேன். துத்தநாகக் குருணை கிடைக்காதவர்கள் துத்தநாக முலாம் பூசிய ஆணியைப் போடுவார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முலாம் கரைந்து முடியும் இடத்தில் குமிழி வேகம் தணிந்து, இரும்பு எட்டிப் பார்க்கும்.

நிறையப் பேர் நம்புவது, வீரியம் குறைந்த அமிலம் என்றால் வாயுவும் குறைவாகத்தான் வரும் என்று. இதை உடைக்கத்தான் ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்கினேன். மக்னீசியம் ரிப்பனில் ஒரு மீட்டரை நகைக்கடைத் தராசில் நிறுத்தபோது ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. 24 கிராம் மக்னீசியம் மும்பை வெப்பத்தில் ஏறக்குறைய 25 லிட்டர் ஹைட்ரஜன் தரும். கிராமுக்கு ஒரு லிட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அரை சென்டிமீட்டர் துண்டுக்கு ஐந்து மில்லிக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும்.

சிரிஞ்சின் தண்டை உருவி, துண்டை உள்ளே போட்டு, தண்டைத் திரும்பச் செருகி, அமிலத்தை உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளிவிட்டு, மூக்கு கீழே இருக்கும்படி தம்ளரில் நிறுத்த வேண்டும். வாயு மேலே சேரச் சேர அமிலம் மூக்கு வழியாகக் கீழே இறங்கும். மூக்கை அடைக்கக் கூடாது. ஒன்றில் வினிகர், ஒன்றில் சிட்ரிக். சிட்ரிக் சிரிஞ்சில் கோடு விறுவிறுவென்று இறங்கியது. வினிகர் சிரிஞ்சு மெல்ல இறங்கியது. பாதிப் பேர் அது நின்றுவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரண்டிலும் சேர்ந்த வாயு நான்கு மில்லிக்கும் ஐந்துக்கும் நடுவே, ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. வினிகரில் எந்த ஒரு நேரத்திலும் இருநூறு அசெட்டிக் அமில மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் அயனியாகப் பிரிந்து நிற்கிறது. ஆனால் அந்த ஒன்று செலவானதும் அடுத்தது பிரிந்து வரும். பர்ஸில் கொஞ்சமாகவும் பீரோவில் நிறையவும் வைத்திருக்கும் ஆள் போல. அவர் கடனை மெதுவாக அடைப்பார், முழுதாக அடைத்துவிடுவார்.

பலூன் கட்டி ஹைட்ரஜன் பிடிக்கலாமா என்று பையன்கள் கேட்காத நாளில்லை. கூடாது. காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே பற்றக்கூடிய வாயு அது; எங்கள் கீழ்வீட்டில் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துவார்கள். சிறு துண்டு, திறந்த தம்ளர். இதில் நான் இறங்கி வருவதில்லை.

சல்ஃபாமிக் அமிலம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேதியியல் படித்த நண்பர் சிபாரிசு செய்தது. உப்புப் படிவு நீக்கும் பொடிகள் சிலவற்றில் இருப்பது இதுதான். பிரின்சஸ் தெருவில் தனியாகவும் கிடைக்கும். வெள்ளைப் படிகம், புகையாது, வாசமில்லை. நூறு மில்லியில் ஐந்து கிராம் போட்டாலே பி.எச். 1-க்குக் கீழே போய்விடும். கையாளச் சிட்ரிக் போல, வேலையில் ஹைட்ரோகுளோரிக் போல. கல்லூரி மாணவருக்கு, கையுறையும் கண்ணாடியும் போடப் பழகியவருக்கு, நான் தயங்காமல் சொல்வேன். தோலையும் கண்ணையும் நன்றாகவே பதம் பார்க்கும், தின்பண்டக் கடைப் பொட்டலம் போலவே தோன்றும். ஆகவே என் அறைக்கு வேண்டாம் என்று வைத்தேன்.

சிட்ரிக் தோற்கும் இடம் ஒன்று உண்டு. அலுமினியம். புத்தக வரிசைப்படி இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியது என் தம்ளரில் தாமிரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு சும்மா கிடந்தது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வை இருக்கிறது. மெல்லிய அமிலம் அதைச் சீக்கிரம் விலக்காது. பள்ளி ஆய்வகத்தின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திடீரென்று கொந்தளிக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்றால் ஆய்வகம்தான் வழி. ஒரு மாணவியின் பள்ளியில் கேட்டு, சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள். அங்கே இருந்த ஆசிரியை நீர்த்த அமிலத்தைத் தானே ஊற்றி, தானே கழுவி எடுத்துக்கொண்டார். முழு வரிசையையும் அன்றைக்கு ஒரே மேசையில் பார்த்தோம். பள்ளி திறந்துவிடும் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எல்லாவற்றையும் வென்றுவிடும். அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பதில் பிள்ளைகளை அமிலம் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவது பஸ் டிக்கெட் செலவோடு முடிகிறது.

வீட்டில் சோதனை முடிந்ததும் எல்லாத் தம்ளரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, உலோகத் துண்டுகளை வடிகட்டி எடுத்துவிட்டு, சோடா உப்பைப் பொங்கல் நிற்கும் வரை போடுகிறேன். பிறகு நிறையத் தண்ணீரோடு கழிவுநீர்க் குழாயில். எடுத்த துண்டுகள் பழைய இரும்புக்காரருக்கு. தம்ளர்கள் சோதனைக்கென்றே வைத்தவை, சமையலறைக்குத் திரும்பாது.

அலுமினியத்தை மட்டும் விட மனமில்லை. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: ஊறுகாய்ச் சாடியின் வாயை ஃபாயில் போட்டு மூடினால் சில நாளில் பொத்தல் விழுந்துவிடும். ஊறுகாயில் புளிப்போடு உப்பும் இருக்கிறது. உப்பின் குளோரைடு அந்தப் போர்வையை அங்கங்கே துளைக்கும். சிட்ரிக் கரைசலில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, உள்ளங்கையளவு ஃபாயிலை நனைய வைத்து, வெள்ளிக்கிழமை மாலை மூடாமல் அலமாரியின் மேல் வைத்தேன், மெஷினுக்குத் தள்ளி. திங்கட்கிழமை எடுத்து அலசி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தோம். முன்வரிசையில் இருந்தவள் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினாள். பதினேழில் ஒரு சந்தேகம் வந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.